மூடிய கூட்டினுள் எரிந்த சுருள்

வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் மெல்லிய முழக்கம் நம் காதிலே விழுவதே இல்லை. அது நின்றுபோகும் பொழுதுதான் அப்படியொரு பொருள் வீட்டில் இருப்பது நினைவுக்கு வருகின்றது. பாலும் திரிந்து, குழம்பும் புளித்த பின்னர் பழுதுபார்ப்பவரைத் தேடுகின்றோம். அவர் பெட்டியின் பின்புறத்திலுள்ள கரிய எஃகுக் கூட்டைத் தட்டிப் பார்த்து, “கொம்பிறசர் போய்விட்டது, புதியது போடவேண்டும்” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றார். நாமும் அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை.

புதியது வாங்கக் கிடைக்காத கூடுகளும் உலகில் உள. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் செய்யப்பட்ட குளிர்சாதனப் பெட்டிகளைத் தேடியெடுத்து, துருநீக்கி, மீண்டும் ஓடச்செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்களுக்குப் பழுதுபார்ப்பவரின் அந்த விடை பயன்படாது. எரிந்த மோட்டரின் சுருளை அகற்றி, அதைப் போன்ற மற்றொன்றைச் சுற்றியே ஆகவேண்டும். அவ்வேலை எவ்வாறு நடைபெறுகின்றது, எங்கே தவறிப்போகின்றது என்பதை இவ்வாரம் நோக்குவோம். மின்னியல் பயிலும் மாணவருக்கு இது பாடநூலின் பல அத்தியாயங்களை ஒரே இடத்திற் காட்டும். ஏனையோருக்குப் பழுதுபார்த்தல் என்பதும் ஒரு கல்வியே என்பதை உணர்த்தும்.

மோட்டர் கூட்டினுள் புகுந்த வரலாறு

குளிர்சாதனப் பெட்டியின் தத்துவம் எளியது. விரைவில் ஆவியாகும் ஒரு திரவம் பெட்டியினுள்ளே ஆவியாகும்போது, சுற்றிலுமுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றது. அவ்வாவியை அமுக்கி, அதாவது கொம்பிறசர், இழுத்து நெருக்கி வெளியிலுள்ள குழாய்களுக்குத் தள்ளுகின்றது. அங்கே அது வெப்பத்தைக் கைவிட்டு மறுபடியும் திரவமாகின்றது. அமுக்கியை இயக்குவதே மோட்டரின் வேலை.

தொடக்க காலத்து வீட்டுப் பெட்டிகளில் மோட்டர் வேறு, அமுக்கி வேறு. மோட்டர் பெல்ற் மூலம் அமுக்கியைச் சுழற்றியது. அதற்காக அமுக்கியின் அச்சுத்தண்டு கூட்டின் சுவரைத் துளைத்து வெளியே வரவேண்டியிருந்தது. சுழலும் தண்டைச் சுற்றி வாயு கசியாதபடி அடைப்பது பெரும்பாடு. அக்காலத்தில் பயன்பட்ட வாயுக்களோ கொடியவை. கந்தகத்தை எரிக்கும்போது மூக்கைத் துளைக்கும் கந்தகவீரொட்சைட்டு அவற்றுள் ஒன்று; மெதைல் குளோரைட்டு மற்றொன்று. பேர்லின் நகரிலே பெட்டியிலிருந்து கசிந்த வாயுவினால் ஒரு குடும்பம் மாண்ட செய்தியைப் பத்திரிகையிற் படித்த பின்னரே, அல்பேட் ஐன்ஸ்ரைனும் அவருடைய இளம் நண்பர் லியோ சிலார்ட்டும் அசையும் உறுப்பே இல்லாத குளிர்சாதனப் பெட்டி ஒன்றை அமைக்க முனைந்தனர். 1926ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய முயற்சி பல காப்புரிமைகளைத் தந்ததாயினும், வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

வீடுகளுக்கு வந்து சேர்ந்தது வேறொரு தீர்வு. மோட்டரையும் அமுக்கியையும் ஒரே எஃகுக் கூட்டில் வைத்து, வாயுவையும் எண்ணெயையும் இட்டு, முழுவதையும் அடைத்துவிட்டால் என்ன? சுவரைத் துளைக்கும் தண்டே இராது. மின்கம்பிகள் மாத்திரமே உள்ளே செல்லும். 1927ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனம் இவ்வாறு அமைந்த பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்ரியன் ஸ்ரீன்ஸ்ரப் என்னும் பொறியியலாளர் அதன் அமைப்பில் முதன்மையானவர். கூடும் அதைச் சுற்றிய குழாய்களும் பெட்டியின் தலைமேல் வட்டமாக வீற்றிருந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862இல், சண்டையிட்ட ‘மொனிற்றர்’ என்ற போர்க்கப்பலின் பீரங்கிக் கோபுரத்தை அது நினைவூட்டியதால், மக்கள் அதற்கு ‘மொனிற்றர் ரொப்’ என்று பெயரிட்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்பனையாகின. அவற்றுட் சில இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழுதுற்றவற்றை உயிர்ப்பிக்க முனைவோரே நாம் மேலே கூறிய அன்பர்கள்.

சுருள் வாழும் சூழல்

எமது ஊர்களிலும் மோட்டர் சுற்றும் தொழில் நன்கு அறியப்பட்டதே. தோட்டக் கிணற்றில் நீரிறைக்கும் மோட்டர் எரிந்தால், கடைக்குக் கொண்டுசென்று சுற்றுவித்து எடுத்துவருகின்றோம். ஆனால் நீரிறைக்கும் மோட்டரின் சுருள் காற்றிலே வாழ்கின்றது. குளிர்சாதன மோட்டரின் சுருளோ வாயுவிலும் எண்ணெயிலும் மூழ்கி வாழ்கின்றது. இவ்வொரு வேறுபாடே முன்னதில் தேர்ந்த கைகளையும் பின்னதில் தடுமாறச் செய்கின்றது.

கந்தகவீரொட்சைட்டு உலர்ந்திருக்கும் வரையில் செம்பையோ எஃகையோ பெரிதும் தாக்குவதில்லை. ஒரு துளி நீர் சேர்ந்துவிட்டாற் போதும், கந்தகச அமிலமாகி உலோகத்தை அரிக்கத் தொடங்கும். மொனிற்றர் ரொப் வரிசையின் பிற்காலப் பெட்டிகளிற் பயன்பட்ட மெதைல் போமேற்றும் நீரோடு சேர்ந்தால் போமிக் அமிலமாகவும் மெதைல் அற்ககோலாகவும் பிரிந்துவிடும். எறும்பு கடித்தால் எரிவது அந்த அமிலத்தினாலேதான். ஆகவே, மூடிய கூட்டின் முதற்பகை ஈரம். இரண்டாம் பகை அழுக்கு. இவ்விரண்டையும் வெளியே நிறுத்தவே கூடு அடைக்கப்பட்டது. அதனைத் திறப்பவர், தொழிற்சாலை அன்று செய்துவைத்த காவலை இன்று தாமே மீண்டும் செய்து முடிக்கக் கடமைப்பட்டவர்.

திறப்பதற்கு முன் கேட்கவேண்டியவை

எனவே, திறக்காமல் அறியக்கூடியவை அனைத்தையும் முதலில் அறிந்துகொள்ளவேண்டும். இம்மோட்டரில் இரண்டு சுருள்கள் உள. ஒன்று ஓடுசுருள், தடித்த கம்பியால் ஆனது, மோட்டர் ஓடும்வரை மின்னோட்டத்தைத் தாங்குவது. மற்றொன்று தொடக்கச் சுருள். மெல்லிய கம்பியால் ஆனது. புறப்படும்போது மாத்திரம் உதவுவது. மோட்டர் வேகம் எடுத்தவுடன் தொடக்கச் சுருளை ஓர் ஆளி துண்டித்துவிடும். மூடிய கூட்டினுள்ளே மின்பொறி தெறித்தால் வாயுவும் எண்ணெயும் சிதைந்துவிடும் ஆதலின், அவ்வாளி கூட்டுக்கு வெளியே வைக்கப்படுகின்றது. வெளியே இருப்பதனால் அதனைத் திறக்காமலே பரிசோதிக்கலாம். ஓடாத மோட்டர் யாவும் எரிந்த மோட்டர் அல்ல. பல வேளைகளில் குற்றவாளி இந்தச் சிறிய ஆளியே.

அடுத்து, மின்னிணைப்பை நீக்கியபின் கூட்டின் மூன்று முனைகளுக்கிடையே தடையை அளக்கவேண்டும். பொதுமுனைக்கும் ஓடுமுனைக்கும் இடையே 3 ஓம், பொதுமுனைக்கும் தொடக்கமுனைக்கும் இடையே 11 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் ஓடுமுனைக்கும் தொடக்கமுனைக்கும் இடையே 14 ஓம் வரவேண்டும். இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதாக வந்தால் சுருள்கள் அறுபடவில்லை என்று பொருள். தடை அளவின்றிக் காட்டினால் கம்பி அறுந்துள்ளது. எதிர்பார்ப்பதிலும் குறைந்தால் சுற்றுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியுள்ளன. இறுதியாக, ஒவ்வொரு முனைக்கும் கூட்டின் எஃகுக்கும் இடையே காவல் தடையை அதற்குரிய கருவியால் அளக்கவேண்டும். அங்கே மின் கசிந்தால் கூட்டைத் தொடுபவர் உயிருக்கே ஆபத்து.

இச்சோதனைகள் அனைத்தும் சுருளையே குற்றஞ்சாட்டினால் மாத்திரம் கூட்டைத் திறக்கும் எண்ணம் கொள்ளலாம். அதற்கு முன் உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றவேண்டும். இது வீட்டு முற்றத்தில் விளையாட்டாகச் செய்யும் வேலையன்று. கந்தகவீரொட்சைட்டு காற்றைப் போல் இரு மடங்கிற்கு மேற்பட்ட கனமுடையது. தாழ்ந்த இடத்தில் தங்கி நின்று கண்ணையும் சுவாசப்பையையும் தாக்கும். மெதைல் போமேற்றோ தீப்பற்றும். பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் உடையோரே இவற்றைக் கையாளவேண்டும். மாணவர்கள் இதனைப் படித்து அறிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமென்பது எமது கண்டிப்பான வேண்டுகோள்.

எரிந்த சுருளே ஏடு

கூட்டைப் பற்றவைத்த தையலோரம் வெட்டித் திறந்ததும், கருகிய செம்பும் எரிந்த எண்ணெயின் நாற்றமும் எதிர்ப்படும். அனுபவமற்றவர் உடனே கத்தரிப்பானை எடுத்துச் சுருளைப் பிய்த்தெறிவார். தேர்ந்தவர் குறிப்பேட்டை எடுப்பார். ஏனெனில் அந்த மோட்டரின் வரைபடம் இப்பொழுது எங்கும் கிடைப்பதரிது. செய்த பொறியியலாளர் மறைந்துவிட்டார். தொழிற்சாலையின் ஏடுகள் கைக்கு எட்டா. அவர் கணித்தவை அனைத்தும் எழுதப்பட்டிருக்கும் ஒரே ஏடு அந்தக் கருகிய சுருள்தான். அதனை ஒருமுறைதான் வாசிக்கலாம்; வாசிக்கும்போதே அது அழிந்துவிடும்.

எவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்? இரும்பு அகட்டில் எத்தனை தவாளிப்புக்கள், எத்தனை முனைவுகள் என்பது முதலாவது. 36 தவாளிப்புக்களும் 4 முனைவுகளும் இருப்பின், ஒரு முனைவுக்கு 9 தவாளிப்புக்கள் வரும். ஒவ்வொரு முனைவிலும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த சுருள்கள் எந்தத் தவாளிப்பிலிருந்து எந்தத் தவாளிப்புக்குச் செல்கின்றன? ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று? ஓடுசுருளும் தொடக்கச் சுருளும் எவ்வளவு விலகி நிற்கின்றன? அடுத்தடுத்த முனைவுகள் எத்திசையில் இணைக்கப்பட்டுள்ளன? கம்பியின் மேற்பூச்சை நீக்கியபின் நுண்மானியில் அதன் விட்டம் என்ன? நிழற்படம் எடுத்து, படம் வரைந்து, செம்பின் நிறையையும் குறித்துவைத்தால் பின்னர் சரிபார்க்க உதவும். சுழலியில் இத்தகைய சுருள் இல்லை; அணிற்கூடு போன்ற உலோகக் கோல்களே உள்ளன. எனவே அதில் சுற்றவேண்டியது ஒன்றுமில்லை. விரிசல் உண்டா என்று மாத்திரம் பார்த்தாற் போதும்.

வாசிக்கவேண்டிய மற்றொரு பக்கமும் உண்டு. சுருள் எதனால் எரிந்தது? தொடக்கச் சுருள் மாத்திரம் கருகி, ஓடுசுருள் நன்றாயிருந்தால், வெளியிலுள்ள ஆளி ஒட்டிக்கொண்டு விடாமற் போயிருக்கவேண்டும். இரண்டும் ஒருசேரக் கருகியிருந்தால் அமுக்கி இறுகி மோட்டர் சுழலாமல் நின்றிருக்கலாம். அல்லது மின்னழுத்தம் பொருந்தாமல் இருந்திருக்கலாம். ஓரிடத்தில் மாத்திரம் துளைபோலக் கருகியிருந்தால், அங்கே காவற்றாள் கிழிந்திருக்கலாம். இக்கேள்விக்கு விடை காணாமற் புதுச்சுருள் சுற்றுவது, கூரை ஒழுக்கை அடைக்காமல் நனைந்த பாயை மாற்றுவதற்கு ஒப்பாகும். பழைய சுருளைக் கொன்றது புதிய சுருளையும் கொல்லும்.

புதிய சுருளும் புதிய பொருள்களும்

பழைய சுருளை அகற்றும்போது அகடு கவனத்துக்குரியது. அது ஒரே இரும்புக் கட்டி அன்று. மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கிடையே உள்ள காவற்படை சுழிப்பு மின்னோட்டங்களைத் தடுக்கின்றது. கம்பியை இலகுவாக இழுப்பதற்காக ஊதுவிளக்கினால் கண்டபடி எரித்தால் அப்படை கெட்டு, அகடு தானே சூடேறும் குணத்தைப் பெற்றுவிடும். வெப்பத்தை 360 பாகை சதமளவுக்கு மேற்போகாமற் கட்டுப்படுத்தும் அடுப்பில் எரிக்கலாம். சிறிய மோட்டரில் முனைகளை வெட்டித் துண்டுதுண்டாகத் தள்ளி எடுப்பது இன்னும் நன்று.

சுற்றும் எண்ணிக்கையிலும் கம்பியின் விட்டத்திலும் பழையதைப் பின்பற்றவேண்டும். பொருள்களில் அவ்வாறு செய்யவேண்டியதில்லை. 1920களின் எனாமலும் பருத்தியும் வாணிசு ஊட்டிய துணியும் அன்றைய அறிவின் எல்லை. குளிர்சாதன மோட்டர்களுக்கென இன்று செய்யப்படும் கம்பியில், பொலியெசுத்தர் வகைப் பூச்சின்மேல் பொலியமைட்டு-இமைட்டு என்னும் இரண்டாம் பூச்சு உண்டு. அது வெப்பத்தையும் வாயுவையும் எண்ணெயையும் தாங்கும். தவாளிப்புக்களுக்கும் அதற்கேற்ற தாளையே இடவேண்டும். சாதாரண மோட்டர்க் கடையிலே பயன்படும் பீ.வீ.சீ. உறை இங்கு ஆகாது; அதிலுள்ள மென்மையாக்கும் பொருள் எண்ணெயிற் கரைந்து, உறை விறைத்து வெடிக்கும்; கரைந்தது குழாயை அடைக்கும். முற்றாக இறுகாத வாணிசும் அவ்வாறே. ஈயப்பற்று வைக்கும்போது மிஞ்சும் பசையும் அமிலத்தின் வித்தாகும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு நேர்த்தியாகத் தோன்றும் சுருள், ஆறு மாதத்தில் உள்ளே கூழாகிப்போவதற்கு இத்தகைய சிறுபொருள்களே காரணம்.

115 வோல்ற்றும் எமது 230 வோல்ற்றும்

இங்கே மாணவருக்கு ஒரு கணக்கு. அமெரிக்கப் பெட்டியொன்று எமது நாட்டுக்கு வந்துவிட்டதென்று கொள்வோம். அங்கே 115 வோல்ற், செக்கனுக்கு 60 வட்டங்கள். இங்கே 230 வோல்ற், செக்கனுக்கு 50 வட்டங்கள். “மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும் மாற்றி ஒன்றைப் போட்டாற் போதுமே” என்று பலர் கருதுவர். மாற்றி வோல்ற்றைக் குறைக்கும், மீடிறனைத் தொடாது. அகட்டிலுள்ள காந்தப்பாயம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்திலும், சுற்றெண்ணிக்கைக்கும் மீடிறனுக்கும் எதிர்விகிதத்திலும் மாறுவது. 60 வட்டம் 50 ஆகும்போது அதே 115 வோல்ற்றில் பாயம் 20 சதவீதம் கூடிவிடும். இரும்பு நிறைவடைய, மின்னோட்டம் எகிறி, சுருள் கொதிக்கும். பாயத்தைப் பழைய அளவிலேயே வைக்க 115ஐ 60ஆல் வகுத்து 50ஆற் பெருக்கவேண்டும். ஏறக்குறைய 96 வோல்ற் வரும்.

எரிந்த மோட்டரைச் சுற்றும்போதே எமது மின்சாரத்துக்கு ஏற்பச் சுற்றினால் மாற்றியே வேண்டாம். மின்னழுத்தம் இரு மடங்கு. மீடிறன் ஆறில் ஐந்து. ஆகவே ஓடுசுருளின் சுற்றெண்ணிக்கை 2 பெருக்கல் 1.2, அதாவது 2.4 மடங்காக வேண்டும். அதே தவாளிப்பில் இவ்வளவு கம்பியையும் அடக்க, குறுக்குவெட்டுப் பரப்பை 2.4இல் ஒரு பங்காக்கவேண்டும். விட்டம் அதன் வர்க்கமூலத்தாற் குறையும். 1 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதிலாக ஏறக்குறைய 0.65 மில்லிமீற்றர்க் கம்பி. மெல்லிய கம்பியில் பூச்சின் பங்கு கூடுதலாதலால், தவாளிப்புக் கொள்ளுமா என்பதை முன்னரே ஒத்திகை பார்த்துவிடவேண்டும். தொடக்கச் சுருளுக்கோ சுற்றெண்ணிக்கையோடு தடையின் விகிதமும் கெடாதிருக்கவேண்டும். இல்லையேல் மோட்டர் முனகுமேயன்றிப் புறப்படாது. வேகம் ஆறில் ஐந்தாகக் குறைவதனால் குளிர்தரும் ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவாகும். எந்தக் கணக்காலும் அதனைத் தவிர்க்க முடியாது.

உலர்த்தலே முடிவான வேலை

சுற்றி முடித்ததும் வேலை முடிந்ததென்று மகிழ்வோர் பலர். மூடிய கூட்டைப் பொறுத்தவரையில், பாதி வழிதான் கடந்துள்ளது. சுருளையும் கூட்டையும் நீர் கொதிக்கும் நிலைக்குச் சற்று மேலான வெப்பத்தில் மணிக்கணக்காக உலர்த்தி, மூடிப் பற்றவைத்து, கசிவு பார்த்து, பின்னர் வெற்றிடப் பம்பியினால் எஞ்சிய ஈரத்தையும் காற்றையும் இழுத்தெடுக்கவேண்டும். இந்நிலையில் ஓர் எச்சரிக்கை முக்கியமானது. கூட்டினுள் ஆழ்ந்த வெற்றிடம் இருக்கும்போது மோட்டரை ஓட்டவோ, உயர் மின்னழுத்தத்தாற் காவலைச் சோதிக்கவோ கூடாது. மெலிந்த வாயுவிலே மின்பொறி எளிதிற் பாயும். பல நாள் உழைப்பு ஒரு நொடியிற் கருகிவிடும்.

ஓடத் தொடங்கியபின் சுருளின் வெப்பத்தை அறிய வெப்பமானியை உள்ளே நுழைக்கத் தேவையில்லை. செம்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 20 பாகையில் 3.0 ஓம் இருந்த சுருள், நிறுத்தியவுடன் அளக்கும்போது 3.6 ஓம் காட்டினால், அது ஏறக்குறைய 51 பாகை ஏறி 71 பாகையில் இருக்கின்றது. காவற்பொருளின் ஆயுள் வெப்பம் 10 பாகை கூடுந்தோறும் ஏறக்குறையப் பாதியாகின்றது என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி. எனவே இந்தச் சிறு அளவீடு, புதிய சுருள் நீடிக்குமா என்பதற்கு முன்கூட்டியே சாட்சி சொல்லும்.

உயிர்ப்பிப்பதா, விட்டுவைப்பதா?

இவ்வளவும் அறிந்தபின், ஒவ்வொரு பழைய பெட்டியையும் திறந்தே தீரவேண்டுமா என்ற வினா எழுவது நியாயம். நச்சுவாயுவின் அச்சத்தைப் போக்கவே தோமஸ் மிட்ஜ்லியும் அவர்தம் கூட்டாளிகளும் 1928ஆம் ஆண்டில் பிரியோன் வகைக்கு வழிகண்டனர். அது வீட்டுக்குத் தீங்கற்றதாயினும், வானிலுள்ள ஓசோன் படையைச் சிதைக்கவல்லது என்பதை 1974இல் மொலினாவும் றோலண்டும் எடுத்துக்காட்டினர். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்பாடு அதற்கு முடிவுகட்ட வழிவகுத்தது. ஒரு தலைமுறை கண்ட தீர்வை அடுத்த தலைமுறை திருத்தவேண்டியதாயிற்று. இவ்வரலாற்றின் முதற்பக்கமாகிய கந்தகவீரொட்சைட்டுப் பெட்டி, சமையலறையில் உணவு காக்கும் வேலைக்கு இன்று ஏற்றதன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் திறவாது விடுவதே அறிவு. சுருள் உண்மையில் எரிந்துபோன ஒன்றை, தகுந்த கைகளும் கருவிகளும் இருந்தால், மீண்டும் சுற்றலாம். இல்லையெனில் அதனைத் தூய்மையாக்கிக் காட்சிப்பொருளாக வைப்பதும் பேணுதலேயாம்.

இத்தொழில் மாணவருக்குக் கற்பிப்பது ஒன்று உண்டு. எதனையும் கழற்றுமுன் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்க்காமல் பிய்த்தெறிந்த சுருளை எந்தப் பேராசிரியராலும் மீட்டுத்தர முடியாது. பொறுமையாக எண்ணி எழுதிய பக்கம் ஒன்று இருந்தால், தொண்ணூறு ஆண்டுக்கு முந்திய ஒருவரின் சிந்தனையை இன்றைய ஓர் இளைஞன் தன் விரல்களால் மறுபடியும் சுற்றிவிடலாம்.

இனி, சிந்தனைக்கு ஒரு வினா: மேற்கூறிய கணக்கின்படி 2.4 மடங்கு சுற்றும், 2.4இல் ஒரு பங்கு பரப்பும் உடைய புதிய ஓடுசுருளின் தடை, பழைய சுருளின் தடையைப் போல் எத்தனை மடங்கு? விடை 5.76 என்று கண்டோர், அது ஏன் 2.4 அன்று என்பதைத் தம் தம்பி தங்கையர்க்கு விளக்கிச் சொல்வார்களாக.